நாணயம் சுண்டி முப்பது ஆண்டுகள் கழித்து

1939ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டிய கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய ஊர்களில் 506 சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த பகுதிகள் அவை. பள்ளிகளும் தேவாலயங்களும் காவல்துறையும் பெயர் கொடுத்தன. “இவன் கெட்டுப்போவான்” என்று அஞ்சப்பட்டவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள், எந்தக் குறையும் சொல்ல முடியாத சாதாரணப் பையன்களும் இருந்தார்கள். வயது, குடும்ப நிலை, சுபாவம் எல்லாவற்றையும் பார்த்து ஒருவனுக்கு இணையாக இன்னொருவனை ஜோடி சேர்த்தார்கள். அப்புறம் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டினார்கள். ஒருவனுக்கு உதவி கிடைக்கும். மற்றவன் தன் பாட்டுக்கு வளர்வான்.

இதை ஆரம்பித்தவர் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர். நோயாளியின் வீட்டு நிலைமை தெரியாமல் மருந்து எழுதிக் கொடுப்பதில் பயனில்லை என்று கண்டு, 1905லேயே மருத்துவமனைக்குள் சமூகப் பணியாளர்களைக் கொண்டுவந்தவர் அவர். சிறுவர்கள் தடம் மாறுவதற்குக் காரணம், அவர்கள்மேல் அக்கறை காட்ட நிலையாக ஒரு பெரியவர் இல்லாததுதான் என்று நம்பினார். நம்பியதோடு விடாமல், அது உண்மையா என்று பார்க்கவும் விரும்பினார். பணம் அவர் மனைவியின் பெயரில் இருந்த அறக்கட்டளையிலிருந்து வந்தது. வேலை தொடங்கிய அதே ஆண்டில் கேபட் இறந்துவிட்டார்.

உதவி கிடைத்த 253 பேரின் வீட்டுக்கும் ஓர் ஆலோசகர் மாதத்துக்கு இரண்டு முறை போல வந்துபோனார். சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் இது நடந்தது. பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், கோடை முகாமுக்கு அனுப்பினார்கள், வீட்டில் தகராறு என்றால் உட்கார்ந்து பேசினார்கள். நல்ல மனதோடு யாரும் செய்யக்கூடிய காரியங்கள். 1945இல் திட்டம் முடிந்தது.

1970களில் ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் புறப்பட்டார். அவர்கள் அதற்குள் நடுவயதை எட்டியிருந்தார்கள். உதவி பெற்றவர்களிடம் “அந்தத் திட்டம் உங்களுக்கு நன்மை செய்ததா?” என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குப் பேர் “ஆமாம்” என்றார்கள். ஆனால் மெக்கார்ட் அதோடு நிற்கவில்லை. நீதிமன்றப் பதிவுகள், மனநல மருத்துவமனைப் பதிவுகள், இறப்புச் சான்றுகள் எல்லாவற்றையும் இரு குழுவுக்கும் எடுத்து ஒப்பிட்டு, 1978இல் வெளியிட்டார். ஒரு குற்றத்தோடு நிற்காமல் மறுபடியும் குற்றம் செய்தவர்கள் உதவி பெற்றவர்களிடையேதான் அதிகம். குடிக்கு அடிமையான அறிகுறிகளும் அவர்களிடையேதான் அதிகம். கடுமையான மனநோய் கண்டவர்கள், மன அழுத்தத்தோடு சேர்ந்து வரும் உடல்நோய்கள் கொண்டவர்கள், இளவயதில் இறந்தவர்கள் என்று எந்தக் கணக்கைப் பார்த்தாலும், நாணயம் விழாத பக்கத்தில் நின்ற பையன்கள் தேவலாம்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடனே மேலே படிக்கத் தோன்றவில்லை. அந்த ஆலோசகர்களை நினைத்துக்கொண்டேன். ஐந்து ஆண்டுகள் ஒரு பையனின் வீட்டுக் கதவைத் தட்டிய மனிதருக்கு இப்படி ஒரு முடிவு தெரியவந்தால் எப்படி இருக்கும்?

ஒப்பீட்டுக்கு இன்னொரு 253 பேர் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் யோசித்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் நன்றி சொன்ன திட்டம் என்று அறிக்கை போயிருக்கும். வேறு ஊர்களும் அதை எடுத்துச் செய்திருக்கும். ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குப் பிற்பாடு சில விளக்கங்கள் வந்தன. அவற்றில் எனக்கு ஏற்கும்படியாக இருப்பது கோடை முகாம் பற்றியது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை முகாமுக்குப் போன பையன்களிடம்தான் தீங்கு அதிகமாகத் தெரிந்தது. வழிதவறும் நிலையில் இருந்தவர்களை வாரக்கணக்கில் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால், ஒருவன் செய்த சேட்டையைச் சொல்ல மற்றவன் சிரிக்க, அந்தச் சிரிப்பே பாடமாகிவிடுகிறது. இன்றைக்கு இளையோருக்கான திட்டம் தீட்டுகிறவர்கள் இந்த ஆபத்தைத் தெரிந்துவைத்திருப்பதற்கு அந்த 506 பேரும் ஒரு காரணம்.

பிள்ளைகளுக்கு உதவப் பணம் கொடுக்க ஆட்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். கொடுத்த உதவி உதவியாகத்தான் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கப் பணம் கொடுப்பவர்கள் குறைவு. அதிலும் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருந்து பார்க்கப் பணம் கொடுப்பவர்கள் மிக மிகக் குறைவு. இளையோர் வாழ்வு பற்றிய ஆய்வுக்கு அறக்கட்டளைகள் தரும் பணத்தின் மதிப்பு எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது.

அறக்கட்டளை என்றால் என்ன, அதன் பணம் எப்படி நடமாடுகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். பெரும் சொத்துச் சேர்த்த ஒருவர் அதில் ஒரு பகுதியை ஒதுக்கிவைக்கிறார். அந்த மூலதனத்தைப் பங்குகளிலும் பத்திரங்களிலும் போட்டு, வருகிற வருவாயிலிருந்து செலவிடுவார்கள். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் தங்கள் சொத்து மதிப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பதிலாக வரிச்சலுகை. ஆகவே அது முற்றிலும் தனியார் பணம் என்றும் சொல்லிவிட முடியாது. விட்டுக்கொடுத்த வரியின் வழியாகப் பொதுமக்களும் அதில் பங்குதாரர்கள்.

அரசு தரும் ஆய்வு நிதியோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை சிறியது. ஆனால் அரசுப் பணத்துக்குச் சில கட்டுகள் உண்டு. நிதியாண்டு உண்டு, தேர்தல் உண்டு, ஆட்சி மாறினால் முன்னுரிமையும் மாறும். பாதி நிரூபணமாகிவிட்ட யோசனைக்கே பெரும்பாலும் பணம் கிடைக்கும். “இது பலிக்குமா பலிக்காதா என்று தெரியாது, பார்த்துவிடலாம்” என்ற நிலையில் இருக்கும் கேள்விக்கு அறக்கட்டளைதான் கதவைத் திறக்கிறது. யாருக்கும் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டியதில்லை என்பதால் அதற்குக் காத்திருக்க முடியும். முடியும் என்றுதான் சொல்கிறேன். எல்லா அறக்கட்டளைகளும் காத்திருப்பதில்லை.

குழந்தை வளர்ச்சி என்பதே ஒரு படிப்பாக வளர்ந்ததில் இந்தப் பணத்துக்குப் பெரும் பங்குண்டு. 1920களில் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் லாரா ஸ்பெல்மன் நினைவு நிதியிலிருந்து, லாரன்ஸ் ஃபிராங்க் என்ற அலுவலர் பல பல்கலைக்கழகங்களில் குழந்தை ஆய்வு நிலையங்கள் உருவாகப் பணம் கொடுத்தார். பிள்ளை எப்படி வளர்கிறது என்பதைக் கவனித்துப் பதிவு செய்யலாம், அதற்கு முறைகள் உண்டு என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது.

1936இல் வில்லியம் டி. கிராண்ட் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1906இல் 25 சென்ட் விலைப் பொருள்களை விற்கும் கடையாக ஆரம்பித்து, நாடெங்கும் கிளை பரப்பியவர் அவர். அந்தக் கடைகள் 1976இல் திவாலாகிக் காணாமலே போய்விட்டன. அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது, இளையோர் பற்றிய ஆய்வுக்குப் பணம் தருவதையே தன் முழுநேர வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறது.

கிராண்டின் பணத்தில் 1938இல் ஹார்வர்டில் தொடங்கிய ஆய்வு ஒன்று உண்டு. 268 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தார்கள். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஜான் எஃப். கென்னடியும் அவர்களில் ஒருவர். அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் வெள்ளையர்கள். யாரைப் பார்க்கிறோமோ அவர்களைப் பற்றித்தான் தெரிந்துகொள்வோம். அந்தக் குறையை இந்த ஆய்வு வெகுகாலம் சுமந்தது. 1940களின் இறுதியில் கிராண்ட் பணத்தை நிறுத்திக்கொண்டார். அந்த இடைவெளியில் கைகொடுத்தவர்களில் ஒரு சிகரெட் நிறுவனமும் இருந்தது. அதன்பின் பங்கேற்பாளர்களுக்குப் போன கேள்வித்தாளில், “நீங்கள் ஒருபோதும் புகைபிடித்ததில்லை என்றால், ஏன் பிடிக்கவில்லை?” என்ற பொருளில் ஒரு கேள்வி சேர்ந்தது. பணம் கொடுப்பவரின் கை எந்த வழியாக ஆய்வுக்குள் நுழையும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். முடிவைத் திரிக்கத் தேவையே இல்லை, கேள்வியைச் சேர்த்தால் போதும்.

கேள்விக்குப் பணம் கொடுப்பது ஒரு வழி. ஆளுக்குக் கொடுப்பது இன்னொரு வழி. மேமி கிளார்க், கென்னத் கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி, பழுப்பு நிறத்தில் ஒன்றும் வெள்ளை நிறத்தில் ஒன்றுமாகப் பொம்மைகளைச் சின்னக் குழந்தைகளின் முன் வைத்தார்கள். “உனக்குப் பிடித்த பொம்மையைக் கொடு”, “நல்ல பொம்மையைக் கொடு”, “உன்னைப்போல இருக்கும் பொம்மையைக் கொடு” என்று கேட்டார்கள். நிறைய கறுப்பினக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்று எடுத்துக் கொடுத்தார்கள். கடைசிக் கேள்வியில் சில குழந்தைகள் திகைத்து நின்றார்கள். இந்த ஆய்வுகளுக்குக் கைகொடுத்தது ரோசன்வால்ட் நிதியத்தின் ஆய்வு உதவித்தொகை. அந்த நிதியம், இருப்பதையெல்லாம் செலவழித்துவிட்டு மூடிவிட வேண்டும் என்று அதை நிறுவியவர் விரும்பியபடி 1948இல் மூடப்பட்டது. 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் பெயர் இருந்தது. பணம் கொடுத்த நிதியம் அப்போது உலகத்திலேயே இல்லை.

கிராண்ட் அறக்கட்டளையும் 1982 முதல் இளம் ஆய்வாளர்களுக்கு ஐந்தாண்டு நிதியுதவி தருகிறது. இதில் எனக்குப் பிடித்த நிபந்தனை, விண்ணப்பிப்பவர் தனக்கு ஏற்கெனவே கைவந்ததையே செய்துகொண்டிருக்கக் கூடாது என்பது. புள்ளிவிவரம் தெரிந்தவர் களத்தில் போய் உட்கார்ந்து மனிதர்களைக் கவனிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். களப்பணி தெரிந்தவர் கணக்குக் கற்றுக்கொள்ள வேண்டும். யாரிடம் கற்கப்போகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். வயதும் பட்டமும் ஏறிவிட்ட பிறகு மறுபடி மாணவராக உட்காருவதற்கு யாரும் சுலபத்தில் பணம் தருவதில்லை.

ஆய்வு என்றால் தடித்த அறிக்கைதான் என்று நினைக்க வேண்டாம். 1960களின் நடுவில் கார்னகி அறக்கட்டளையில் வேலை பார்த்த லாயிட் மாரிசெட் என்ற உளவியலாளர் வீட்டில் ஒரு காட்சியைப் பார்த்தார். அதிகாலையில் எழுந்த அவருடைய மூன்று வயது மகள், நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் தொலைக்காட்சியில் அசையாமல் நிற்கும் அந்தக் கோட்டுப் படத்தின் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தாள். இந்தப் பெட்டியால் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார் செய்ய முடியுமா என்று அவர் ஒரு விருந்தில் கேட்க, ஜோன் கான்ஸ் கூனி என்ற தயாரிப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டார். கார்னகி பணத்தில் முதலில் ஓர் ஆய்வு நடந்தது. பிறகு அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 லட்சம் டாலர் போட, 1969 நவம்பரில் செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒளிபரப்பானது.

அதற்கு முன் அவர்கள் செய்த சோதனை எளிமையானது. ஒரு குழந்தையைத் தொலைக்காட்சியின் முன் உட்காரவைப்பார்கள். பக்கத்திலேயே இன்னொரு திரையில் சில நொடிகளுக்கு ஒருமுறை படம் மாறிக்கொண்டிருக்கும். நிகழ்ச்சியின் எந்த நொடியில் குழந்தையின் கண் அந்தப் பக்கம் போகிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டே இருப்பார். அவ்வளவுதான். கண் விலகும் இடத்தில் நிகழ்ச்சி சலிக்கிறது என்று அர்த்தம். பெரியவர்கள் மட்டும் தெருவில் நின்று பேசும் காட்சிகளில் கண்கள் விலகின. கற்பனைப் பாத்திரங்களையும் நிஜ மனிதர்களையும் கலந்தால் குழந்தைகள் குழம்புவார்கள் என்று நிபுணர்கள் சொல்லியிருந்ததால்தான் பொம்மைகளைத் தெருக்காட்சியில் சேர்க்காமல் இருந்தார்கள். நிபுணர்களைக் கேட்பதா, குழந்தையின் கண்ணைக் கேட்பதா? கண்ணைக் கேட்டார்கள். அந்த நீளமான மஞ்சள் பறவைப் பொம்மையும் குப்பைத்தொட்டிக்குள் குடியிருக்கும் பொம்மையும் தெருவுக்கு வந்தது அப்படித்தான். பிற்காலத்தில் பொருளியலாளர்கள் இருவர், ஒளிபரப்பு தெளிவாகக் கிடைத்த பகுதிகளையும் கிடைக்காத பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தெளிவாகக் கிடைத்த இடங்களின் பிள்ளைகள் வயதுக்கேற்ற வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு கூடியிருந்ததைக் கண்டார்கள்.

இனி நான் சொல்லப்போவது ருமேனியாவில் நடந்தது. கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு படிக்க வேண்டிய பகுதி இது.

1966இல் அங்கே கம்யூனிஸ்ட் தலைவர் சௌசெஸ்குவின் அரசு, மக்கள்தொகையைப் பெருக்குவதற்காகக் கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் குழந்தைகளை அரசுக் காப்பகங்களில் விட்டன. 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது காப்பகங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 2000இல் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஜீனா ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் பணத்தோடு புகாரெஸ்டுக்குப் போனார்கள். கைக்குழந்தைகள் இருந்த அறையில் அவர்களைத் திடுக்கிட வைத்தது அங்கிருந்த அமைதி. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட குழந்தைகள் அழுவதை நிறுத்தியிருந்தன.

ஆறு காப்பகங்களிலிருந்து 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். புகாரெஸ்டில் அப்போது வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே பெயரளவுக்குத்தான் இருந்தது. ஆகவே ஆய்வுக் குழுவே குடும்பங்களைத் தேடிப்பிடித்து, பயிற்சி கொடுத்து, மாதந்தோறும் பணமும் கொடுத்தது. மற்ற பாதிப் பேர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

இது நியாயமா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு மேலே போக முடியாது. குடும்பமே நல்லது என்று மனதுக்குத் தெரியும்போது, ஒரு குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவைப்பது எப்படிச் சரியாகும்? ஆய்வாளர்களின் பதில் இது: காப்பகமே மேல் என்று அங்குள்ள அதிகாரிகளில் பலர் நம்பினார்கள், அரசு வளர்ப்புக் குடும்பங்களை ஏற்படுத்தும் நிலையிலும் இல்லை. ஆய்வு இல்லாவிட்டால் 136 பேரும் காப்பகத்தில்தான் இருந்திருப்பார்கள். மேலும், இடையில் குடும்பம் கிடைத்தால் எந்தக் குழந்தையையும் ஆய்வுக்காகத் தடுத்துவைப்பதில்லை என்று விதி வைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்தப் பதில் ஏற்கத்தக்கதாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த மற்ற 68 பேரை நினைக்கும்போது மனம் சமாதானமாவதில்லை. சமாதானமாகவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

நாலரை வயதில் நுண்ணறிவு அளவைப் பார்த்தார்கள். காப்பகக் குழுவுக்குச் சராசரி 73. வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு 81. பெற்றோர் வீட்டிலேயே வளர்ந்த குழந்தைகளுக்கு 109. எந்த வயதில் குடும்பத்துக்குப் போனார்கள் என்பதைப் பொறுத்தும் வித்தியாசம் தெரிந்தது. இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள், தாமதமாகப் போனவர்களுக்கு அந்த அளவு பலனில்லை. 2007இல் இது அறிவியல் இதழில் வெளிவந்தது. அதற்குள் ருமேனியா சட்டத்தை மாற்றியிருந்தது. கடுமையான ஊனம் இருந்தாலொழிய, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்கக் கூடாது என்று 2004இல் விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் ஆசையும் அதற்குப் பின்னால் இருந்தது, முழுப் பெருமையும் ஆய்வுக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் இரண்டு வயது என்ற எல்லையைப் பற்றிப் பேச கையில் ஆதாரம் இருந்தது.

மெக்ஆர்தர் பணத்தில் நடந்த இன்னொரு கூட்டு முயற்சி, லாரன்ஸ் ஸ்டைன்பர்க் தலைமையில், பதின்வயதினர் ஆபத்தை எப்படி எடைபோடுகிறார்கள், கூட்டாளிகள் பக்கத்தில் இருக்கும்போது அது எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தது. 2005இல், 18 வயதுக்கு முன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோது அவருடைய கட்டுரையைத் தீர்ப்பில் மேற்கோள் காட்டியது.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, சரி. காத்திருக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும்.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேட்ஸ் அறக்கட்டளை, பெரிய உயர்நிலைப் பள்ளிகளைப் பிரித்துச் சிறிய பள்ளிகளாக்கும் முயற்சிக்கு 200 கோடி டாலர் அளவுக்குச் செலவிட்டது. நல்ல தேர்ச்சி காட்டும் பள்ளிகளின் பட்டியலில் சிறிய பள்ளிகள் நிறைய இருந்தன என்பது காரணங்களில் ஒன்று. இதில் ஒரு கணக்குச் சூட்சுமம் இருக்கிறது. ஐந்நூறு பேர் தேர்வு எழுதும் பள்ளியில் சராசரி ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாது. ஐம்பது பேர் எழுதும் பள்ளியில் நாலு பிள்ளைகள் கெட்டிக்காரர்களாக அமைந்துவிட்டால் சராசரி எகிறும், நாலு பேர் தடுமாறினால் சரியும். அதனால் பட்டியலின் உச்சியிலும் சிறிய பள்ளிகள் இருக்கும், அடியிலும் இருக்கும். உச்சியை மட்டும் பார்த்தவர்களுக்கு அளவே காரணம் என்று தோன்றும்.

எதிர்பார்த்த மாற்றம் பல பள்ளிகளில் தெரியவில்லை என்று பில் கேட்ஸ் 2009 ஆண்டுக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதினார். அறக்கட்டளை அதற்குள் வேறு வழிகளுக்குத் திரும்பியிருந்தது. ஒப்புக்கொண்ட நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. நியூயார்க்கில் தொடங்கிய சிறிய பள்ளிகளில் இடத்துக்குப் போட்டி அதிகம் இருந்ததால், குலுக்கல் போலத்தான் பலருக்கு இடம் கிடைத்தது. கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு, அதே கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. 2010இல் முடிவு வந்தது: இடம் கிடைத்தவர்களில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதப் புள்ளிகள் கூடுதல். எல்லா ஊரிலும் பலிக்காதது ஓர் ஊரில் பலித்திருக்கிறது. ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த விதம், பள்ளிகளை வடிவமைத்த விதம் என்று ஆராய நிறைய இருந்தது. ஆனால் பெரும் பணம் அந்த இடத்தைவிட்டு நகர்ந்து முடிந்திருந்தது.

இந்தப் பிரச்சினை ஒரு நிறுவனத்துடையது மட்டுமல்ல. அறக்கட்டளைகளின் ஆர்வம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது. தலைவர் மாறுவார், திட்டத்தின் பெயர் மாறும். ஆய்வாளர்களும் அதற்கேற்ப விண்ணப்பத்தின் சொற்களை மாற்றிக்கொள்கிறார்கள். நேற்று “மனவலிமை”, இன்று “ஏற்றத்தாழ்வு”, நாளை வேறொன்று. எழுதுகிறவர் பிழைக்க வேண்டுமே, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்தாண்டு தேவைப்படும் கேள்வியை மூன்றாண்டு நிதிக்குள் அடைக்கும்போது கேள்வியே சுருங்கிவிடுகிறது. பலன் எதுவும் தெரியவில்லை என்ற முடிவோடு வரும் ஆய்வை எழுதி வெளியிடவும் அதே அளவு பணமும் மரியாதையும் கிடைக்க வேண்டும். பல இடங்களில் கிடைப்பதில்லை.

முடிவு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது பிள்ளையிடம் எப்படிப் போய்ச் சேரும்? வெகுகாலம், நல்ல கட்டுரை வெளிவந்தால் அதிகாரிகள் படித்துச் செயல்படுவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பெரும்பாலும் அவர்கள் படிப்பதில்லை. நேரமில்லை என்பது ஒரு காரணம். தங்களுக்கு நம்பிக்கையான ஒருவர் சொன்னால்தான் கேட்பார்கள் என்பது இன்னொரு காரணம். கிராண்ட் அறக்கட்டளை இதையே ஒரு தனி ஆய்வுத் துறையாக எடுத்துக்கொண்டு, ஆய்வு முடிவுகளை யார், எப்போது, எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயப் பணம் தருகிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990 முதல் நகரப் பள்ளிகளோடு ஒட்டி வேலை செய்யும் ஓர் ஆய்வுக் குழு உண்டு. அறக்கட்டளைகளின் ஆதரவோடு நடப்பது. யார் பள்ளிப்படிப்பை முடிப்பார்கள், யார் இடையில் நிற்பார்கள் என்பதை அவர்கள் பல ஆண்டுத் தரவுகளில் தேடினார்கள். விடை ஒன்பதாம் வகுப்பில் இருந்தது. அந்த ஓராண்டில் போதிய பாடங்களை முடித்து, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் வாங்காத மாணவர், மற்றவர்களைப்போல மூன்றரை மடங்கு அதிகமாகப் பள்ளியை முடித்தார். முந்தைய தேர்வு மதிப்பெண்களைவிட இது துல்லியமாகச் சொன்னது.

இதன் அழகு எளிமையில் இருக்கிறது. ஆசிரியர் கையில் ஒரு பட்டியல் வருகிறது. இந்தப் பையன் இந்த மாதம் நான்கு நாள் வரவில்லை, அந்தப் பெண் கணக்கில் தோற்கும் நிலையில் இருக்கிறாள் என்று பெயர் பெயராக இருக்கிறது. ஏழ்மையையோ வீட்டுச் சூழலையோ ஆசிரியரால் மாற்ற முடியாது. ஆனால் நான்கு நாள் வராத பையனை ஐந்தாவது நாள் வரவைக்க அவரால் முடியும். 2007இல் சிகாகோவின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் 57 சதவீதம் பேர் அந்த அளவுகோலைத் தொட்டார்கள். 2013இல் 82 சதவீதம்.

இந்த வகை வேலையில் வெளியே தெரியாத செலவு ஒன்று உண்டு. ஆளைத் தேடும் செலவு. மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வில் 123 குழந்தைகள் இருந்தார்கள், எல்லாரும் வறிய கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு 40 வயதானபோது 112 பேரைக் கண்டுபிடித்துப் பேசினார்கள். அதற்கு யாரோ ஒருவர் பழைய முகவரிக்குப் போய்ப் பக்கத்து வீட்டில் விசாரித்திருப்பார். அத்தையின் வீட்டு எண்ணை வாங்கியிருப்பார், சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருப்பார், வீட்டில் இல்லாதவருக்காக மறுநாளும் போயிருப்பார். விண்ணப்பத்தில் இது “பயணச் செலவு” என்று ஒரு வரியில் முடிந்துவிடும். பணத்தைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவதும் பெரும்பாலும் அந்த வரிதான். புகாரெஸ்ட் குழந்தைகள் இப்போது இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய முகவரிகளும் மாறிக்கொண்டேதான் இருக்கும்.